1,640 வருடங்களுக்கு முன்னால் எருசலேமுக்குப் போன ஒரு பெண்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு வாக்குவாதம் நடந்தது. என் நாத்தனார் எருசலேம் பயணத்துக்கென்று இரண்டு வருடமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். அங்கே சண்டை என்று பயணம் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. குழுவில் ஒருவர், "ஆண்டவரைப் பார்க்க அங்கேதான் போகணுமா? அந்தக் காசுக்கு நாலு ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமே" என்று போட்டார். இன்னொருவர், "அங்கே காட்டுற இடம் எல்லாம் பிற்காலத்துல ஜோடிச்சதுதானே" என்றார். நாத்தனார் ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. இரண்டு நாள் அவரிடமிருந்து காலை வசனம்கூட வரவில்லை. மூன்றாம் நாள் தம்பி ஒருவன், "அக்கா, நீங்கதான் சரித்திரம் எடுத்தவங்க, நீங்க சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டான்.

குழுவில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த இரண்டு கேள்விகளும் நம் வீட்டில் பிறந்தவை அல்ல. கிறிஸ்தவர்கள் பெருங்கூட்டமாகப் பாலஸ்தீனத்துக்குப் போகத் தொடங்கிய 4ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்களிடம் பிறகு வருகிறேன். அதற்கு முன் எகேரியா என்ற ஒரு பெண்ணை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். 135இல் யூதக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு அந்த நகரம் ஏலியா காப்பிட்டோலினா என்ற ரோம நகரமாகிவிட்டது. பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு தந்த பிறகுதான் நிலைமை மாறியது. கல்லறை இருந்த இடம் என்று சொல்லப்பட்ட இடத்தின்மேல் நின்ற ரோமக் கோயிலை அகற்றிவிட்டு அங்கே பெரிய தேவாலயம் கட்டினார். 335இல் அது பிரதிஷ்டை ஆயிற்று. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 333இல், இன்றைய பிரான்சின் போர்தோ நகரத்திலிருந்து ஒருவர் எருசலேம் போய்வந்து குறிப்பு எழுதி வைத்தார். அதில் பெரும்பகுதி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், எங்கே குதிரை மாற்றலாம் என்பதுதான். பஸ் டைம்டேபிள் மாதிரி இருக்கும். எழுதியவர் எப்படிப்பட்டவர், அழுதாரா சிரித்தாரா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

எகேரியா அப்படி இல்லை. 381இலிருந்து 384 வரை மூன்று வருடம் எருசலேமை மையமாக வைத்துச் சுற்றிவிட்டு, ஊரில் இருந்த தன் "சகோதரிகளுக்கு" நீளமான கடிதமாக எல்லாவற்றையும் எழுதினார். சொந்த ஊர் ஸ்பெயினின் வடமேற்கு மூலை, கலீசியாப் பக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். ஐப்ராத்து நதியைப் பார்த்ததும், நம்ம ரோன் நதி மாதிரிதான் வேகமாக ஓடுகிறது, ஆனால் இது இன்னும் பெரியது என்று எழுதுகிறார். ரோன் ஓடுவது பிரான்சில். படிக்கிறவர்களுக்கு அது தெரிந்த நதி என்பதால்தானே அதை ஒப்பிட்டார்? ஆள் மேற்கத்திய நாட்டவர் என்பதற்கு இப்படிப்பட்ட வரிகள்தான் சாட்சி. கன்னியாஸ்திரியா, வசதியான குடும்பத்துப் பக்தையா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஆயர்கள் நேரில் வந்து இடங்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள், ஆபத்தான வழியில் ரோமச் சிப்பாய்கள் கூட வருகிறார்கள். அதனால் ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கடிதம் நமக்குக் கிடைத்ததே ஒரு கதை. 1884இல் இத்தாலியின் அரெத்சோ நகரத்தில் கமுரினி என்ற அறிஞர் பழைய தோல் ஏடு ஒன்றைக் கண்டார். 11ஆம் நூற்றாண்டில் மொண்டே கசினோ மடத்தில் பிரதி எடுக்கப்பட்டது. முன்பக்கங்கள் இல்லை, கடைசிப் பக்கங்கள் இல்லை, நடுவிலும் சில ஏடுகள் போய்விட்டன. முதல் பக்கம் இல்லாததால் எழுதியவர் பெயரும் இல்லை. கமுரினி 1887இல் அச்சிட்டபோது அதை சில்வியா என்ற வேறொரு பெண்ணின் பயணம் என்று நினைத்தார். 1903இல் பிரெஞ்சுத் துறவி ஃபெரோதான்தான் முடிச்சை அவிழ்த்தார். 7ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த வலேரியுஸ் என்ற துறவி தன் சகோதரத் துறவிகளுக்கு எழுதிய மடல் ஒன்றில், ஒரு பெண்ணின் வேதநாட்டுப் பயணத்தைப் புகழ்ந்திருக்கிறார். அந்தப் பயணமும் இந்த ஏட்டில் உள்ள பயணமும் ஒன்றேதான். அங்கிருந்துதான் எகேரியா என்ற பெயர் நமக்குக் கிடைத்தது. பயணம் எந்த வருடங்களில் நடந்தது என்பதை 1967இல் பால் தெவோஸ் என்பவர் ஈஸ்டர் தேதியையும் ஆயர்களின் காலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு நிறுவினார்.

நான் படித்தது ஜான் வில்கின்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சென்னையில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வாங்கி அனுப்பினாள். லத்தீன் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் லத்தீன் பண்டிதர் லத்தீன் இல்லையாம், பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறாராம். அதனாலேயே மொழியியல் அறிஞர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். ஸ்பானிஷும் பிரெஞ்சும் இத்தாலியமும் எந்தப் பேச்சு லத்தீனிலிருந்து பிறந்தனவோ, அதன் தடயம் அந்த வரிகளில் இருக்கிறது. கட்டுரை நோட்டில் பேச்சுவழக்கில் எழுதிவிட்டு என்னிடம் சிவப்புக் கோடு வாங்கினவர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்படலாம்.

நமக்குக் கிடைத்த பகுதி சீனாய் மலையில் தொடங்குகிறது. சனிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்துக்கு வந்து, துறவிகளின் குடிசைகளில் இரவு தங்கி, ஞாயிறு காலை ஏறுகிறார். இப்போது அங்கே இருக்கும் புனித கத்தரீனாள் மடம் அன்று கிடையாது, அதைப் பேரரசர் யுஸ்தினியன் கட்டியது 6ஆம் நூற்றாண்டில். 2,285 மீட்டர் உயர மலை. சுற்றிச் சுற்றி ஏறும் பாதை இல்லை, சுவரில் ஏறுவது மாதிரி நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், வாகனத்தில் போக முடியாது, நடந்துதான் போக வேண்டும் என்று எழுதுகிறார். காலை பத்து மணி வாக்கில் உச்சிக்குப் போய்விட்டார். சின்ன கோயில் ஒன்று. அங்கே மோசேயின் ஆகமத்திலிருந்து அந்த இடத்துக்குரிய பகுதியை வாசித்து, ஆராதனை முடித்துக் கிளம்பும்போது அங்கிருந்த குருக்கள் எல்லாருக்கும் ஆசீர்வாதக் காணிக்கையாக ஆப்பிள் பழம் கொடுத்தார்களாம். வெறும் பாறை மலையில் துறவிகள் கஷ்டப்பட்டு மண் போட்டு வளர்த்த பழம்.

இந்த "அந்த இடத்துக்குரிய பகுதியை வாசிப்பது" என்பதைக் கவனியுங்கள். எங்கே போனாலும் எகேரியாவுக்கு ஒரே ஒழுங்கு. போனதும் ஜெபம், பிறகு வேதத்தில் அந்த இடத்தைப் பற்றிய பகுதி, அதற்குப் பொருத்தமான ஒரு சங்கீதம், மறுபடி ஜெபம். எரிகிற முட்செடியிடமும் இப்படித்தான், நேபோ மலையிலும் இப்படித்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கயத்தாற்றுக்குக் கூட்டிப்போய், கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நிற்க வைத்துப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேனே, அன்று வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வகுப்பறையில் அதே பாடத்தை மூன்று தடவை வாசித்தும் கொட்டாவி விட்டவர்கள் அங்கே வாய் திறக்காமல் நின்றீர்கள். எகேரியா தேடிப் போனது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேபோ மலைக்குப் போன கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மோசே வாக்குத்தத்த பூமியைத் தூரத்திலிருந்து பார்த்த மலை. கழுதைமேல் பாதி, நடந்து பாதி ஏறுகிறார். உச்சியில் இருந்த கோயில் வாசலில் நிற்க வைத்து, அதோ யோர்தான், அதோ எரிகோ, அதோ சவக்கடல் என்று காட்டுகிறார்கள். லோத்தின் மனைவி உப்புத்தூணாகிப்போன இடத்தையும் காட்டுகிறார்கள். இடத்தை மட்டும்தான். தூண் அங்கே இல்லை. இதை எகேரியா மறைக்கவில்லை. சகோதரிகளே, நான் தூணைப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று உங்களை ஏமாற்ற முடியாது என்ற பொருள்பட வெளிப்படையாக எழுதிவிடுகிறார். தூண் கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்று சோவார் ஊர் ஆயரே சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பல ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறார். ஊரில் இருப்பவர்கள் யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை எழுதினால் படிக்கிறவர்கள் மெய்சிலிர்த்திருப்பார்கள். எழுதவில்லை. இதற்காகவே அந்த அம்மாவுக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன். அவருக்குக் காட்டிய எல்லா இடமும் சரித்திரப்படி சரி என்று நான் சொல்ல வரவில்லை. யோபுவின் கல்லறையை, ஒரு துறவிக்குத் தரிசனம் கிடைத்துத் தோண்டி எடுத்தோம் என்று சொல்லிக் காட்டினார்கள், அதை அப்படியே நம்பி எழுதிவிட்டார். அது அந்தக் காலத்து நம்பிக்கை. ஆனால் "ஜோடிச்சது" என்று மொத்தமாகத் தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். எது எப்போதிலிருந்து, யாரால் காட்டப்படுகிறது என்று பிரித்துப் பார்க்க எகேரியா மாதிரி ஒரு சாட்சி இருப்பதால்தான் முடிகிறது.

384 ஈஸ்டருக்குப் பிறகு எருசலேமை விட்டு வடக்கே போகிறார். ஐப்ராத்தைக் கடக்கப் பெரிய படகுக்காகக் காத்திருந்து எதெஸ்ஸா நகரத்துக்கு வருகிறார். இன்று துருக்கியில் ஷான்லிஉர்ஃபா என்ற ஊர். ஏன் அவ்வளவு தூரம் போனார் தெரியுமா? தோமா அப்போஸ்தலருக்காக! நம்ம மயிலாப்பூர் சாந்தோம் தோமாதான். தோமாவின் உடல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு அந்தக் கோயிலில் ஜெபிக்க வந்தேன் என்கிறார். அதே எதெஸ்ஸாவில் 373இல் இறந்த எப்ரேம் என்ற சிரியக் கவிஞர், ஒரு வணிகர் தோமாவின் எலும்புகளை இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததாகப் பாடியிருக்கிறார். எப்ரேம் இறந்து பதினோரு வருடத்தில் எகேரியா அங்கே நிற்கிறார். தோமா இங்கே வந்ததை இது நிரூபிக்கவில்லை. ஆனால் 4ஆம் நூற்றாண்டில் எதெஸ்ஸா மக்கள் தங்கள் ஊர்க் கல்லறையை இந்தியாவோடு சேர்த்துப் பேசினார்கள் என்பது உறுதி. 1258இல் அந்த எலும்புகள் என்று நம்பப்பட்டவை இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குப் போய்விட்டன.

இந்தியாவின் பெயர் இன்னோர் இடத்திலும் வருகிறது. தொலைந்த பக்கங்களில் இருந்த சில செய்திகளை 1137இல் மொண்டே கசினோவைச் சேர்ந்த பீட்டர் என்பவர் தன் நூலில் எடுத்து எழுதிவைத்தார். அதில், இன்றைய சூயஸ் பக்கம் இருந்த கிளிஸ்மா துறைமுகத்துக்கு இந்தியாவிலிருந்து கப்பல்கள் வரும் என்றும், வருடாவருடம் இந்தியாவுக்குத் தூதராகப் போய்வரும் ரோம அதிகாரி அங்கே தங்கியிருப்பார் என்றும் இருக்கிறது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் பிற்கால ரோமச் செப்புக்காசுகள் கிடைத்ததைப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காசுகளும் இந்தக் கப்பல்களும் ஒரே காலத்துக் கதை.

எதெஸ்ஸாவில் அப்கார் ராஜாவின் அரண்மனைக் குளத்தையும் பார்க்கிறார். மீன்கள் பெரிதாக, பளபளவென்று இருந்தனவாம், ருசியாகவும் இருந்தனவாம். ருசி எப்படித் தெரிந்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். மீன் குளம் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. இப்போது அது ஆபிரகாமோடு சேர்த்துப் பேசப்படும் இஸ்லாமியப் புனித இடம். அந்த மீன்களை யாரும் தொடுவதில்லை.

அங்கிருந்து ஆரான், ஆபிரகாமும் ரெபேக்காளும் வாழ்ந்த ஊர். சில குருக்களையும் துறவிகளையும் தவிர ஊரில் ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை என்று வியப்போடு எழுதுகிறார். ஆபிரகாம் புறப்பட்ட கல்தேயருடைய "ஊர்" பட்டணத்துக்கும் போக வேண்டும் என்று ஆயரிடம் கேட்கிறார். (அந்தப் பட்டணத்தின் பெயரே ஊர். தமிழ் வேதாகமத்தில் முதன்முதலாகப் படிக்கிற குழந்தை எல்லாம் "எந்த ஊர் டீச்சர்?" என்று கேட்கும்.) ஆயர் சொல்கிறார்: இங்கிருந்து நிசிபிஸ் ஐந்து நாள் தூரம், அங்கிருந்து இன்னும் ஐந்து நாள், ஆனால் அதெல்லாம் இப்போது பாரசீகர் கையில், ரோமர்கள் போக முடியாது. 363இல் பேரரசர் ஜூலியன் போரில் இறந்ததும் அடுத்து வந்த ஜோவியன் நிசிபிஸை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்திருந்தார். அதனால் எகேரியா திரும்பிவிட்டார். எல்லைச் சண்டையால் யாத்திரை நின்றுபோவதும் நம் காலத்துப் புதுமை இல்லை.

இனி எருசலேம் வழிபாட்டைப் பற்றி அவர் எழுதியது. கடிதத்தின் இரண்டாம் பாதி முழுக்க அதுதான். குருத்தோலை ஞாயிறு பவனியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நேரடி வர்ணனை இவருடையது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒலிவ மலை உச்சியிலிருந்து எல்லாரும் நடந்து இறங்குகிறார்கள். குழந்தைகள் கையில் பேரீச்ச மட்டையும் ஒலிவக் கிளையும். நடக்க முடியாத கைக்குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வயதான பெண்களும் ஆண்களும் களைத்துவிடக் கூடாது என்று மெதுவாக, மிக மெதுவாகப் போகிறார்கள். நம் ஊர்களில் தென்னங்குருத்தில் சிலுவை மடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "ஓசன்னா" பாடி வீதி சுற்றுகிறோமே, அதன் ஆதி வடிவம் அந்த மலைச் சரிவில்.

பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தை வணங்கும் சடங்கையும் சொல்கிறார். ஆயர் உட்கார்ந்து மரத்தின் இரண்டு முனைகளையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். சுற்றிலும் உதவிக்குருக்கள் காவல். ஒவ்வொருவராகக் குனிந்து முத்தமிட்டுப் போக வேண்டும். எதற்கு இவ்வளவு காவல்? ஒரு தடவை யாரோ முத்தமிடுகிற சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்! பக்திக்கும் திருட்டுக்கும் நடுவில் எவ்வளவு சின்ன இடைவெளி பாருங்கள்.

ஆசிரியையாக என்னைக் கவர்ந்தது வேறு. ஞானஸ்நானம் பெற வருகிறவர்களுக்கு லெந்து காலத்தில் தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வகுப்பு. ஆதியாகமத்தில் தொடங்கி வேதம் முழுவதையும் ஆயரே நடத்துவார். வகுப்பில் சேரும் முன்பு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்: இவர் பெற்றோரை மதிக்கிறாரா, குடிக்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று. ஈஸ்டர் வாரத்தில் அவர் ரகசியங்களை விளக்கும்போது கேட்பவர்கள் ஆரவாரம் செய்யும் சத்தம் வெளியே கேட்குமாம். முப்பத்தைந்து வருடப் பணியில் என் வகுப்பிலிருந்தும் வெளியே சத்தம் கேட்டதுண்டு, காரணம் வேறு. இன்னொன்று, ஆயர் கிரேக்கத்தில் மட்டும் பேசுவார். சிரிய மொழி தெரிந்தாலும் பேச மாட்டார். பக்கத்தில் ஒரு குரு நின்று சிரியத்தில் சொல்வார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு இரு மொழியும் அறிந்த சகோதர சகோதரிகள் விளக்குவார்கள். யாரும் புரியாமல் முழிக்கக் கூடாது என்று அன்றைக்கே ஏற்பாடு.

இப்போது அந்த இரண்டு பெரியவர்களிடம் வருகிறேன். எகேரியாவின் காலத்தில் வாழ்ந்த நிசாவின் கிரகோரி, எருசலேமுக்கு நேரில் போய்வந்த பிறகு ஒரு கடிதத்தில் யாத்திரையைக் கடுமையாகக் கண்டித்தார். இடம் மாறினால் கடவுள் கிட்டே வந்துவிடுவாரா, அந்த மண்ணில் விசேஷ அருள் இருந்தால் அங்கே கொலையும் திருட்டும் நடக்குமா, போவதற்கு முன்பே நாங்கள் நம்பினோம் என்பது அவர் வாதம். ஜெரோமும் ஒரு கடிதத்தில், எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் பரலோகத்துக்கு ஒரே தூரம்தான் என்ற கருத்தை எழுதினார். எழுதியது பெத்லகேமில் குடியிருந்துகொண்டு! தான் மட்டும் போய்த் தங்கிவிட்டு மற்றவருக்கு வேண்டாம் என்று சொல்வதை நம் ஊரில் என்ன சொல்வோம்?

கிரகோரியின் வாதம் சரி என்றே வைத்துக்கொள்கிறேன். போகாதவர் குறைந்தவர் இல்லை. நானும் போகவில்லை, இந்த முழங்காலோடு இனி போகவும் மாட்டேன். ஆனால் அதே வாதத்தை எடுத்து, போக ஆசைப்படுகிற ஒரு பெண்ணின் வாயை அடைக்கக் கூடாது. தான் சம்பாதித்ததில் மிச்சம் பிடித்த பணம். ஃபீஸ் கட்டச் சொன்னவரிடம் ஒரு கேள்வி: போன வருடம் உங்கள் மகள் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த வாடகையில் எத்தனை பிள்ளைகள் படித்திருப்பார்கள்? கோபப்படாதீர்கள், உங்களைத் தூக்கி வளர்த்த உரிமையில் கேட்கிறேன்.

திரும்பும் வழியில் எகேரியா செலூக்கியாவுக்குப் பக்கத்தில் தெக்லாள் கோயிலுக்குப் போகிறார். அங்கே மார்த்தானா என்ற சினேகிதியைச் சந்திக்கிறார். எருசலேமில் பழக்கமான திருப்பணிப் பெண். அத்தனை ஆயர், துறவி, சிப்பாயைச் சந்தித்தவர், தான் பழகிய ஆட்களில் பெயர் சொல்லி எழுதியது இந்த ஒருத்தியை மட்டும்தான். இருவருக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று தன்னால் எழுத முடியாது என்கிறார். பிறகு கான்ஸ்டான்டிநோபிள். அங்கே உட்கார்ந்துதான் கடிதத்தை எழுதுகிறார். அடுத்து யோவானின் கல்லறைக்காக எபேசு போகத் திட்டம். உயிரோடிருந்தால் நேரில் சொல்கிறேன், இல்லாவிட்டால் எழுதுகிறேன், என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சகோதரிகளுக்குச் சொல்கிறார்.

ஏட்டின் கடைசிப் பகுதி செப்டம்பரில் நடக்கும் தேவாலயப் பிரதிஷ்டைத் திருவிழா. எட்டு நாள் கொண்டாட்டம், மெசொப்பொத்தாமியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் கூட்டம், நாற்பது ஐம்பது ஆயர்கள். எந்த நாள் எந்தக் கோயிலுக்குப் போவார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறார், அந்த இடத்தில் ஏடு முறிந்துவிடுகிறது.

பெத்லகேமில் ஜெரோமோடு மடம் நிறுவிய பவுலா அம்மாளைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். இடது கண் ஆபரேஷன் முடிந்து டாக்டர் போன் பார்க்க அனுமதிக்கட்டும். அதுவரை யாராவது ஐப்ராத்தையும் ஆரானையும் பழைய அட்லஸில் தேடிப்பிடித்து வையுங்கள்.